ஊர் கூடிய இடம்

(காஞ்சிபுரத்தில் நெசவாளர்களும் உழவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)

பிள்ளையார்பாளையத்திலிருந்து தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, உத்திரமேரூர், வாலாஜாபாத், கூரம், அய்யங்கார்குளம் பக்கங்களிலிருந்து வந்து, கடைசிப் பேருந்து போய்விடுமோ என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கும் உழவர் பெருமக்களே, தாய்மார்களே, முன்வரிசையில் சம்மணமிட்டிருக்கும் பிள்ளைகளே!

காஞ்சிபுரம் என்றால் உலகத்தார் இரண்டு சொல் சொல்வார்கள். ஒன்று கோயில். மற்றொன்று பட்டு. இரண்டும் உண்மை. இரண்டுமே நமக்குப் பெருமை. ஆனால் இந்தக் கோயில்களில் எரிந்த விளக்குக்கு எண்ணெயும், படைத்த தளிகைக்கு அரிசியும், தறிக்குழியில் இறங்கிய நெசவாளியின் வயிற்றுக்குச் சோறும் எங்கிருந்து வந்தன? சுற்றியிருந்த ஏரிப் பாசனத்து ஊர்களிலிருந்து வந்தன. அந்த ஊர்களில் நெல்லை அடித்த இடம் எது? அளந்த இடம் எது? சேர்த்துவைத்த இடம் எது? யாருக்கு எவ்வளவு என்று பேசித் தீர்த்த இடம் எது? களம், களஞ்சியம், சாவடி, மண்டபம், பிற்காலத்தில் வந்த கூட்டுறவுச் சங்கக் கட்டடம். இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இவைதான். ஊர் கூடிய இடங்கள்.

நான் பிறந்தது செய்யாற்றுப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஊருக்கு நடுவில் ஒரு சாவடி இருந்தது. நாலு கல்தூண், ஓட்டுக் கூரை, முழங்கால் உயரத்துக்குத் திண்ணை. ஊருக்கு வெளியே களத்துமேடு. தை மாதத்தில் விடியற்காலையில் தாத்தாவோடு களத்துக்குப் போவேன். தூற்றிக் குவித்த பொலியின் மேல் சாணிப்பாலால் குறி போட்டிருப்பார்கள். இரவில் யாராவது கை வைத்திருந்தால் குறி கலைந்திருக்கும். தாத்தா மரக்காலை எடுத்து அளக்கத் தொடங்குவார். முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார். லாபம் என்பார். பிறகுதான் இரண்டு, மூன்று. உங்களில் நரைத்தவர்கள் தலையசைப்பதைப் பார்க்கிறேன். உங்கள் களத்திலும் அதே லாபம்தான் கேட்டிருக்கும்!

அந்தக் களத்தில் நெல் உடனே வீட்டுக்குப் போய்விடாது. அங்கேயே பங்கு பிரியும். இது என் தாத்தா ஊர்ப் பழக்கம் மட்டுமன்று. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் நம்முடைய செங்கல்பட்டுச் சீமையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் காலத்து ஊர்க் கணக்குகள் ஓலையிலும் இருக்கின்றன. அவற்றைப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. விளைந்ததில் அரசுக்கு இவ்வளவு, உழுதவனுக்கு இவ்வளவு என்று பிரிப்பதற்கு முன்பே, ஏரிக்கு ஒரு பங்கு, கோயிலுக்கு ஒரு பங்கு, கணக்கனுக்கு, கொல்லனுக்கு, தச்சனுக்கு, வண்ணானுக்கு, நீர்பாய்ச்சுகிறவனுக்கு என்று பங்குகள் களத்திலேயே எடுத்து வைக்கப்பட்டன. தர்ம்பால் போன்ற அறிஞர்கள் இந்தக் கணக்குகளை ஊன்றிப் பார்த்துத்தான் நம் கிராமங்களைப் பற்றி வேறுவிதமாகப் பேசத் தொடங்கினார்கள். ஏரிக்கு நெல் கொடுத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஏரி சாப்பிடுமா? கரை சாப்பிடும், மதகு சாப்பிடும், தூர் அள்ளுகிறவன் சாப்பிடுவான். அதைக் கொடுத்த இடம் களம். ஊரின் வரவு செலவுத் திட்டம் வெட்டவெளியில், எல்லோர் கண்ணெதிரே, மரக்காலால் எழுதப்பட்டது.

அந்தக் களத்தில் நியாயம் முழுமையாக இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். நாற்று நட்டு, களை பறித்து, அறுத்து, கட்டடித்த கைகளுக்குப் போன பங்குதான் எப்போதும் சிறியது. என் ஊர்ச் சாவடித் திண்ணையில் சேரிக்காரர் ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தெருவில் நின்றபடியேதான் பேசுவார்கள். பழையவற்றைப் போற்ற வந்தவன் இதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னவனாவேன். இதை நெஞ்சில் வைத்துக்கொண்டே மேலே செல்வோம்.

இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் போனால் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தை எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறீர்கள்? பேருந்தில் கடந்தவர்கள் பலர். இறங்கியவர்கள் சிலர். அந்தக் கருங்கல்லில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919-லும் 921-லும், ஊர்ச்சபை எடுத்த முடிவுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. 2020 டிசம்பரில் டெல்லியில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னார். மறுநாள் நாடெங்கும் பேசினார்கள். ஆனால் குடவோலை, ஜனநாயகம் என்ற இரண்டு சொல்லோடு பேச்சு நின்றுவிட்டது. நான் அந்தக் கட்டடத்துக்குள் உங்களை அழைத்துப் போக விரும்புகிறேன். வாருங்கள்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருக்கிறது. குடும்பு என்றால் இன்றைய வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, குடத்தில் இடுகிறார்கள். சிறியவரும் பெரியவரும் சபையில் கூடியிருக்கிறார்கள். ஊரில் கோயில் பூசை செய்கிற நம்பிமார் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் அமர வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிப் பிடிக்கிறார். எதையும் அறியாத ஒரு சிறுவன் கைவிட்டு ஓலையை எடுக்கிறான். மத்தியஸ்தன் அதை வாங்குகிறார். எப்படி வாங்க வேண்டும்? ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும்! விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா? பிறகு அவர் உரக்கப் படிக்கிறார். உள்ளே இருக்கும் நம்பிமார் எல்லோரும் வாங்கி வாங்கிப் படிக்கிறார்கள்.

இப்படித் தேர்ந்தவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். தோட்டத்துக்கு ஒரு குழு, ஏரிக்கு ஒரு குழு என்றால் இது யாருடைய சபை? நிலத்தை நம்பி வாழ்ந்தவர்களின் சபை. வயிரமேக தடாகம் என்ற பெரிய ஏரியை நம்பி வாழ்ந்த ஊரின் சபை. அந்த மண்டபத்தை நான் வேளாண் கட்டடம் என்றே சொல்வேன்.

நிற்கத் தகாதவர் யார் என்ற பட்டியலும் அந்தக் கல்லில் இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவரோடு முடிந்ததா? அவருடைய சின்னம்மா மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் மகன், உடன்பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், மருமகன், தகப்பன், மகன் என்று உறவுமுறை நீள்கிறது. ஒருவன் கணக்குக் காட்டாவிட்டால் அவன் சுற்றத்துக்கே கதவு அடைபடும். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னால், நம் மாவட்டத்தில்!

919-இல் ஒரு முடிவு எடுத்தவர்கள் 921-இல் ஏன் இன்னொன்று எடுத்தார்கள்? போட்ட விதி போதவில்லை என்று இரண்டே ஆண்டில் கண்டுகொண்டார்கள். வயது வரம்பை முப்பது முதல் அறுபது என்று வைத்தவர்கள், முப்பத்தைந்து முதல் எழுபது என்று மாற்றினார்கள். கல்லில் வெட்டிய சட்டத்தையும் திருத்தலாம் என்ற துணிவு அவர்களுக்கு இருந்தது. எனக்கு அந்தச் சபையில் மிகவும் பிடித்தது இந்தத் துணிவுதான்.

பெண்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை இருந்ததா? இல்லை. நிலமில்லாதவருக்கு? இல்லை. அது சதுர்வேதிமங்கலம், அந்தணர் ஊர். வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உள்ள அந்தணருக்கு மட்டுமே ஓலை. இதையும் சேர்த்தே அந்த மண்டபத்தைப் படிக்க வேண்டும்.

சரி, உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் 1867-இல் ஆலிவர் ஹட்சன் கெல்லி என்பவரும் அவருடைய தோழர்களும் உழவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். கிரேஞ்ச் என்று பெயர். உள்நாட்டுப் போர் முடிந்து ஊர்கள் சோர்ந்து கிடந்த நேரம். ஒவ்வொரு கிராமத்திலும் கிளை தொடங்கி, தாங்களே மரம் அறுத்து, ஆணியடித்து ஒரு கூடம் கட்டிக்கொண்டார்கள். பெரும்பாலும் எளிய மரக் கட்டடம். விதையையும் கருவியையும் அங்கே கூட்டாக வாங்கினார்கள். ரயில் கம்பெனிகளும் தானியக் கிடங்கு முதலாளிகளும் கூலியை ஏற்றியபோது அங்கே கூடிப் பேசினார்கள். அந்தப் போராட்டத்தின் வழியே இல்லினாய் மாநிலம் கிடங்குக் கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டது. அது செல்லும் என்று 1877-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தானியம் வைக்கும் கிடங்கு ஒருவனுடைய சொந்தச் சொத்தாக இருக்கலாம், ஆனால் அதில் ஊருக்கும் பேச்சு உண்டு என்று ஒரு நாட்டின் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இன்னொன்று கேளுங்கள், தாய்மார்களே! அந்தக் கூடத்தில் தொடக்கம் முதலே பெண்களுக்கு ஓட்டு உண்டு. அந்த நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1920-இல்தான். நாட்டுக்கு முன்பே களத்துக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். மேலும், ஒவ்வொரு கிளையிலும் தலைவரைப் போலவே சொற்பொழிவாளர் என்று ஒரு பொறுப்பாளரையும் தேர்ந்தெடுப்பார்கள். கூட்டத்தில் அறிவும் பாட்டும் கலையும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது அவர் வேலை. நெல்லும் விலையும் மட்டும் பேசினால் ஊர் கூடாது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நாம் அறியாததா அது? கூரத்திலிருந்து வந்தவர்கள் கை தூக்குங்கள். உங்கள் ஊர்ச் செப்பேடு என்ன சொல்கிறது தெரியுமா? ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்தது. பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவந்த பெரும்பிடுகு என்ற வாய்க்காலையும் அது சொல்கிறது. கோயில் வழிபாட்டுக்குப் பங்கு ஒதுக்குகிறது. அதோடு நிற்கவில்லை. ஊர் மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் வைக்க ஒரு பங்கு, அந்த மண்டபத்தில் பாரதம் படிக்க ஒரு பங்கு என்றும் ஒதுக்குகிறது! ஏரி வெட்டிய கையோடு கதை கேட்கவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தாகத்துக்குத் தண்ணீர், இருட்டுக்கு வெளிச்சம், மனசுக்குப் பாரதம். ஒரு பொதுக்கட்டடத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்தும் அந்தப் படிப்பு நின்றுவிடவில்லை என்பதுதான் வியப்பு. அறுவடை முடிந்த கோடையில் தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களுக்குப் போய்ப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. புரிசை என்ற ஊரின் கூத்து உலகமேடை ஏறியது. அந்த ஊர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் பெயரைச் சொன்னால் இன்றும் கூத்துக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அந்தக் கூத்து பிறந்து வளர்ந்த மேடை எது? வெறுங்களமும் கோயில் திடலும்தான்.

களஞ்சியத்துக்கு வருகிறேன். செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்கள் மலையடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியங்களைப் பார்த்திருப்பீர்கள். திருவரங்கம் கோயிலுக்குள் வட்டவடிவக் களஞ்சியங்கள் இருக்கின்றன. பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் ஒன்று இருக்கிறது, அரசின் தொல்லியல் துறை அதைக் காத்துவருகிறது. வீட்டில் குதிர், பண்ணையில் பத்தாயம், கோயிலில் களஞ்சியம். நெல்லுக்கு நனையாத இடம் கொடுத்துவைத்த சமூகம் இது. இன்றைக்கு? கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் போர்த்திய அம்பாரம். திடீர் மழை வந்தால் முளைவிடுகிறது. களத்துமேடு வீட்டுமனையாகிவிட்டது. உழவன் நெல்லை நெடுஞ்சாலையில் கொட்டிக் காயவைக்கிறான், அதன் மேல் லாரி ஏறிப் போகிறது. பேருந்து ஜன்னல் வழியே அதைப் பார்க்கும்போதெல்லாம் என் தாத்தா போட்ட சாணிக்குறிதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் குறியைத் தாண்ட ஊரில் ஒருவனுக்கும் மனம் வராது.

நெசவாளத் தோழர்களே, இதெல்லாம் உழவன் கதை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். உத்தம சோழன் காலத்துச் செப்பேடு சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டு. காஞ்சி ஊரகத்துப் பெருமாள் கோயிலைப் பற்றியது. கோயில் பொன்னை ஊர்ச்சபைகளிடம் முதலாகக் கொடுத்து, வட்டியாக நெல் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கோயில் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருக்குப் போயிற்று? இந்த நகரத்துப் பட்டசாலிகளுக்கு, அதாவது துணி நெய்தவர்களுக்கு. உழவனுடைய நெல்லுக்குக் கணக்குப் பார்த்த நெசவாளியின் ஊர் இது!

பொதுப்பணத்தை ஊரே கூடிக் கணக்குப் பார்க்கும் அந்தப் பழக்கம் பிற்காலத்திலும் ஒருமுறை எழுந்தது. வட்டிக்காரன் பிடியில் கிராமங்கள் திணறியபோது பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி சென்னை மாகாணத்துக்காக ஐரோப்பிய உழவர் வங்கிகளைப் படித்து 1895-இல் அறிக்கை கொடுத்தார். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே திரூரில் உழவர்களின் கடன் சங்கம் பதிவாயிற்று. இன்று அது திருவள்ளூர் மாவட்டம், அன்று நம் செங்கல்பட்டு ஜில்லா. அதே 1904 அக்டோபரில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. எங்கே? இதே காஞ்சிபுரத்தில். நாடு முழுவதும் பரவிய இயக்கத்துக்கு உழவனும் நகரத்தானும் இந்த ஒரே ஜில்லாவிலிருந்து தொடக்கம் கொடுத்தார்கள். பிறகு பட்டு நெசவாளர் சங்கங்கள் வந்தன. சங்கக் கட்டடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கோராவும் ஜரிகையும் வாங்கியவர்கள், கூலிக்காகக் குரல் கொடுத்தவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறீர்கள். அந்தப் பெஞ்சுகளில் இப்போது எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என் ஊர்ச் சாவடி இப்போது இல்லை. ஒருநாள் இயந்திரம் வந்தது. பழுதான கட்டடம் என்று எழுதி இடித்துவிட்டார்கள். இடித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க என் மேலும் என் ஊரார் மேலும்தான் வருத்தம் வருகிறது. இடிப்பதற்கு இருபது ஆண்டு முன்பே நாங்கள் அதில் கூடுவதை நிறுத்திவிட்டோம். பொதுக்கணக்கு இல்லை, பஞ்சாயத்துப் பேச்சு இல்லை, பாரதம் இல்லை. சீட்டாட்டக்காரர்களும் ஆடுகளும் மட்டும் இருந்தார்கள். ஓடு சரிந்தபோது ஏறி மாற்ற யாருக்கும் அது தன்னுடையதாகத் தோன்றவில்லை. கூரை விழுந்தது கடைசியில் நடந்தது. காரியம் நின்றதுதான் முதலில் நடந்தது.

இதற்கு மறுசாட்சி வேண்டுமா? அய்யங்கார்குளத்து நடவாவிக் கிணற்றைப் பாருங்கள். தரைக்குக் கீழே படியிறங்கிப் போனால் கல்மண்டபம். ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கும். சித்திரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதராசப் பெருமாள் வருகிறார் என்றால் ஊரே சேர்ந்து தண்ணீரை இறைக்கிறது. படி துலங்குகிறது, தூண் துலங்குகிறது, இரவெல்லாம் விளக்கு எரிகிறது. தைப் பொங்கலை ஒட்டிப் பழையசீவரத்துக்குப் பார்வேட்டை போகிறாரே பெருமாள், வழியில் எத்தனை ஊர்களில் மண்டகப்படி! அவருக்காகத் திறக்கிற அந்த மண்டபங்களை ஊரார் பெருக்கிக் கோலமிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருநாள் காரியம் இருந்தால் போதும், கட்டடம் நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கிறது. அப்படியானால் ஆண்டுக்கு ஆறு நாள் காரியம் இருந்தால்?

ஆறு நாள் இருக்கிறது, ஐயா! ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தமிழ்நாட்டில் கிராமசபை கூட வேண்டிய நாட்கள். நான்காக இருந்தது 2022-இல் ஆறாயிற்று. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஏரி வாரியம் கண்ட மாவட்டத்தில் அந்த ஒரு நாளாவது ஏரிக்கரை மண்டபத்தில் கூடக் கூடாதா? உத்திரமேரூர்க் குடத்தில் ஓலை இல்லாதவர்களுக்கெல்லாம் இன்று அந்தச் சபையில் இடம் உண்டு. உள்ளாட்சியில் சரிபாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. சேரி என்றும் ஊர் என்றும் பிரிந்து நின்ற காலுக்கு ஒரே திண்ணையில் இடம் கொடுப்போம். பழைய சாவடியில் நடந்த பிழையைத் திருத்த அந்தச் சாவடியைவிடப் பொருத்தமான இடம் ஏது?

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஊருக்குப் போனதும் ஒருமுறை சுற்றி வாருங்கள். சாவடி, களம், பழைய கிடங்கு, ஏரிக்கரை மண்டபம், மூடிக் கிடக்கும் சங்கக் கட்டடம் எது இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். யார் கட்டினார்கள் என்று ஊர் மூத்தவர்களைக் கேளுங்கள், குறிப்பாக உங்கள் வீட்டுப் பாட்டிகளைக் கேளுங்கள். கிராமசபையில் ஒரு தீர்மானம் வையுங்கள். அடுத்த கூட்டத்தை அங்கே நடத்துங்கள். ஓடு ஒழுகினால் ஓட்டுக்கு எவ்வளவு என்று அங்கேயே பேசுங்கள்.

பேச்சை நிறுத்திக்கொள்கிறேன், பேருந்துக்கு நேரமாகிறது. வெளியே போகும்போது வாசலில் ஒரு பித்தளைக் குடம் வைத்திருக்கிறோம். பக்கத்தில் துண்டுத்தாள் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெயரையும், அங்கே பாழாகிக் கிடக்கும் ஒரு பொதுக்கட்டடத்தின் பெயரையும் எழுதி அதில் போடுங்கள். எந்த ஊர் வருகிறதோ, அந்த ஊருக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை துடைப்பமும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு நாம் எல்லோரும் போகிறோம். நெசவாளிகளும் வாருங்கள், அன்று ஒருநாள் தறி ஓயட்டும். குடத்துக்குள் கைவிட்டுச் சீட்டு எடுக்கப் போவது, பாவாடையில் புளியங்கொட்டையை முடிந்துவைத்துக்கொண்டு இவ்வளவு நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாளே, முன்வரிசையில் இருக்கும் அந்தச் சின்னப் பெண்தான். வா அம்மா, ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு எடு.